ஒரு கொடுவா கோடி முட்டை இடும்போது கடலுக்கு என்ன குறை?

கேள்வி, 09.09.2023

முல்லைத்தீவில் பெரியவர்கள் எல்லாரும் சொல்கிற ஒரு விஷயம். சண்டைக் காலத்தில் கடலுக்குப் போகத் தடை, பிறகு இடப்பெயர்வு, ஆக வருடக்கணக்கில் எங்கள் கடல் சும்மா கிடந்தது. திரும்பி வந்து வலை போட்டபோது மீன் குவிந்தது. ஒரு பெரிய கொடுவா கோடிக்கணக்கில் முட்டை இடுமாம். அப்படியென்றால் பத்துத் தாய்மீன் மிஞ்சினாலே களப்பு நிரம்பிவிடும் அல்லவா? மீன்களின் மரபணுப் பல்வகைமை குறைகிறது என்று கூட்டங்களில் பயமுறுத்துகிறார்களே, அது எங்கள் கடலுக்கும் பொருந்துமா?

10.09.2023, இரவு

மீன் குவிந்தது உண்மை. நான் கண்ணால் பார்த்தேன். 2011இல் நாங்கள் ஊருக்குத் திரும்பிய பிறகு, பெரியப்பா கடன்பட்டு வாங்கிய கரைவலையை முதன்முதல் வளைத்த நாள் கயிறு இழுக்க ஆள் போதாமல் பெண்களும் பிடித்தோம். வலையின் மடி கரையை நெருங்கும்போது தண்ணீர் கொதிப்பது போல இருந்தது. சூடை, கீரி, இடையிடையே பாரை, அடியில் ஒரு பெரிய திருக்கை. பெரியப்பா முழங்கால் தண்ணீரில் நின்று மடியைத் தடவிக்கொண்டே இருந்தார், ஒரு சொல் பேசவில்லை. அவருடைய வலையும் வள்ளமும் 2004 சுனாமியில் ஒரு தடவை போனவை, 2009இல் இன்னொரு தடவை போனவை. அதனால் கடல் திரும்பத் தந்தது என்று ஊர் சொல்வதை நான் மறுக்கப் போவதில்லை.

ஆனால் மடியில் எத்தனை மீன் வந்தது என்பது ஒரு கணக்கு, அந்த மீன்களுக்கு எத்தனை தாய்தகப்பன் என்பது வேறு கணக்கு. கேள்வியில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. பத்துத் தாய்மீன் என்றதையே எடுப்போம். களப்பில் 1,000 ஆணும் 10 பெண்ணும் நிற்கின்றன என்று வையுங்கள். ஆண் தொகையையும் பெண் தொகையையும் பெருக்கி, அதை 4ஆல் பெருக்கி, மொத்தத் தொகையால் வகுக்க வேண்டும். 40,000ஐ 1,010ஆல் வகுத்தால் 40க்கும் சற்றுக் குறைவாக வரும். கண்ணுக்குத் தெரிவது ஆயிரத்துப் பத்து மீன், அடுத்த தலைமுறைக்கு மரபணு கடத்தும் கணக்கில் அது நாற்பது மீனுக்குத்தான் சமம். இதைப் பயனுறு குடித்தொகை என்பார்கள். ஆண்கள் எத்தனை ஆயிரம் நின்றாலும் குஞ்சுகளின் மரபணுவில் பாதி அந்தப் பத்துத் தாயிடமிருந்துதான் வர வேண்டும், வேறு வழியில்லை.

நான் உயர்தரத்துக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். எங்கள் புத்தகத்தில் பரம்பரையலகு என்று இருக்கும். கேட்டவர் மரபணு என்று எழுதியதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

10.09.2023, சற்றுப் பிறகு

முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். ஆயிரம் ஆணுக்குப் பத்துப் பெண் என்றது கற்பனைக் கணக்கு போலத் தெரியும், கொடுவாவைப் பொறுத்தவரை அது கற்பனை இல்லை. கொடுவா ஆணாகத்தான் முதிர்கிறது. அவுஸ்திரேலியாவில் பார்த்த அளவில் மூன்று முதல் ஐந்து வயதில் ஆணாக முதிர்ந்து, சில வருடம் ஆணாக இருந்து, ஆறு முதல் எட்டு வயதளவில் பெண்ணாக மாறுகிறது. ஆகவே பெரிய கொடுவா என்றால் அநேகமாகத் தாய். எங்கள் சந்தையில் எது முதலில் விலைபோகிறது? பெரியது. கூலர் வாகனக்காரர் எதைத் தேடி வருகிறார்? பெரியது. பெரிய கண் வலை பெரியவற்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது முழுக்க ஆண் கூட்டம்.

கலவாய் இதற்கு நேர்மாறு. அது பெண்ணாகத் தொடங்கி, பெருத்தபின் ஆணாகும். அங்கே பெரியதைப் பிடித்தால் தகப்பன் இல்லாமல் போகும்.

12.09.2023

தனிமடலில் ஒருவர், "கடலில் இலட்சக்கணக்கில் மீன் இருக்க, நாற்பது ஐம்பது என்று கணக்குக் காட்டுவது கரும்பலகைக்குத்தான் சரி" என்று எழுதியிருக்கிறார். கரும்பலகை இல்லை. நியூசிலாந்தில் டாஸ்மன் குடா என்ற இடத்தில் ஸ்னாப்பர் மீனின் செதிள்களை 1950 முதல் எடுத்து வைத்திருந்தார்கள். வயது பார்க்க எடுத்தவை, மரபணு பார்க்கலாம் என்று அன்று யாருக்கும் தெரியாது. காய்ந்த அந்தச் செதிள்களிலிருந்து டிஎன்ஏ எடுத்து, தசாப்தம் தசாப்தமாக ஒப்பிட்டு 2002இல் வெளியிட்டார்கள். குடாவில் மில்லியன் கணக்கில் மீன் இருந்த காலத்திலேயே பயனுறு தொகை சில நூறுக்குள்தான் நின்றது, பல்வகைமையும் குறைந்துகொண்டே வந்திருந்தது. மில்லியன் எங்கே, நூறு எங்கே! இதை முதன்முதல் வாசித்த அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. பெரியப்பாவின் மடிதான் கண்ணுக்குள் நின்றது.

12.09.2023, மாலை

ஏன் அப்படி வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். முட்டை கோடி என்பதுதான் காரணமே. ஆடு ஒரு ஈற்றில் இரண்டு குட்டி போடும், அதனால் ஓர் ஆட்டுக்கும் இன்னோர் ஆட்டுக்கும் பிள்ளைத்தொகையில் பெரிய வித்தியாசம் வராது. கோடி முட்டை இடுகிற மீனுக்கு அப்படியில்லை. ஒன்றின் குஞ்சுகள் ஒன்றுகூட மிஞ்சாமல் போகலாம், பக்கத்தில் நின்ற இன்னொன்றின் குஞ்சுகளே அந்த வருடத்தை நிரப்பலாம். அதிர்ஷ்டலாபச் சீட்டுப் போலத்தான்: வாங்குகிறவர் இலட்சம் பேர், விழுவது ஒருசிலருக்கு. 1994இல் டென்னிஸ் ஹெட்ஜ்கொக் என்ற ஆய்வாளர் இதை ஒரு கருதுகோளாகவே முன்வைத்தார்.

எங்கள் இடத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். கொடுவா முட்டையிட உப்புத்தண்ணீர் வேண்டும். களப்பில் வளர்ந்த மீன் முகத்துவாரத்தடிக்கு அல்லது கடலுக்குப் போய் முட்டையிட வேண்டும், பிறகு குஞ்சு உள்ளே வர வேண்டும். எங்கள் நந்திக்கடல் களப்புக்கு வட்டுவாகல் பக்கம் வருடம் முழுக்க வாய் திறந்திருப்பதில்லை. வாடை மழையில் களப்பு முட்டி நிறைந்து தானாக உடைக்கும், அல்லது ஆட்கள் வெட்டிவிடுவார்கள். திறந்திருக்கிற அந்தச் சில கிழமைக்குள் எந்தத் தாய் வெளியே போனது, எந்த இரவு முட்டையிட்டது, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுத்தது, எல்லாம் சேர்ந்துதான் யாருடைய பிள்ளை களப்புக்குள் வரும் என்று தீர்மானிக்கிறது. ஒரே கூட்டத்தின் குஞ்சுகள் மட்டும் வந்து சேர்ந்த வருடத்திலும் களப்பு நிறைந்துதான் இருக்கும். வலையும் நிறையும். எண்ணிப் பார்ப்பவருக்கு ஒரு குறையும் தெரியாது.

17.09.2023

"பல்வகைமை இல்லாவிட்டால் என்ன? கொடுவா கொடுவாதானே, ருசி மாறுமா?"

ருசி மாறாது. வன்னியில் வயல் இல்லாத வீட்டைவிட வயல் உள்ள வீடு கூட, அதனால் நெல்லை வைத்துச் சொல்கிறேன். அம்மப்பாவின் காலத்தில் மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள், ஆட்டக்காரி என்று வயலுக்கு வயல் வேறு நெல். மழை பிந்தினால் ஒன்று தாங்கும், வெள்ளம் நின்றால் இன்னொன்று தாங்கும். எல்லாரும் ஒரே விதையை விதைத்த போகத்தில் ஒரு நோய் வந்தால் ஊர் முழுக்க ஒரே நாளில் மஞ்சளாகும். மீனுக்கு விதைப்பெட்டி கிடையாது. அது தன் விதைநெல்லைத் தன் உடம்பில்தான் வைத்திருக்கிறது.

ஹெரிங் என்று ஒரு மீன், எங்கள் சூடையின் தூரத்து உறவு. அத்திலாந்திக்கில் வாழ்வது, பால்டிக் கடலுக்குள்ளும் வந்து குடியேறியது. பால்டிக் தண்ணீர் உப்புக் குறைந்தது, ஒளியும் அங்கே சற்றுச் சிவந்துதான் கீழே இறங்கும். இரண்டு பக்கத்து மீனின் மரபணுத் தொகுதியையும் வரிவரியாக ஒப்பிட்டால் பெரும்பகுதி ஒன்றுதான். வித்தியாசம் சில இடங்களில் மட்டும், ஆனால் அந்தச் சில இடங்கள் உயிர்நாடியானவை. ஒன்று கண்ணில் ஒளியை வாங்கும் ரொடொப்சின் புரதம். அதன் 261ஆவது அமினோ அமிலம் பால்டிக் மீனில் மாறியிருக்கிறது, அதனால் சிவந்த ஒளியில் அதற்குப் பார்வை கூர்மை. 2019இல் வந்த ஆய்வு இது. இப்படி ஒரு மாற்றம் தேவைப்படும்போது கூட்டத்தில் யாரிடமாவது அது இருக்க வேண்டும். மாரியில் கலங்கிச் சேறாகி, கோடையில் வற்றிக் கடலைவிட உப்புக் கரிக்கிற நந்திக்கடலில் நிற்கிற மீனுக்குக் கையில் எத்தனை வகைச் சீட்டு வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். வெயில் முற்றித் தண்ணீர் கீழே போன வருடங்களில் திரளியும் மணலையும் கரை முழுக்கச் செத்து ஒதுங்கியதைப் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். சாகாமல் நின்றவை எதனால் நின்றன?

18.09.2023

மேலே "சூடையின் தூரத்து உறவு" என்றது சரிதான். ஒருவர் சந்தேகப்பட்டிருந்தார். இரண்டும் ஒரே வரிசையில் வருகிற மீன்கள்.

01.10.2023

பெரியப்பாவிடம் இந்த உரையாடலை வாசித்துக் காட்டினேன். "மீனுக்கும் சாதகம் பாக்க வெளிக்கிட்டியோ பிள்ளை?" என்று சிரித்தார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, முந்தி வந்த மீனில் அளவு கலந்து வரும், இப்போது வருகிறதெல்லாம் ஓர் அச்சில் வார்த்தது மாதிரி வருகிறது என்றார். அவர் ஐம்பது வருடமாக மடியைத் திறந்து பார்க்கிறவர்.

அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்த கொடுவாத் தலையைக் குழம்புக்கு விடாமல் நான் எடுத்துக்கொண்டேன். பெரியம்மாவுக்கு அதில் கொஞ்சம் கோபம். பூவை (செவுளை)க் கழற்றி, மண்டையின் அடிப்பக்கத்தைக் கத்தி நுனியால் மெல்லத் திறந்தால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு வெள்ளைக் கல், பயற்றங்கொட்டையை நீட்டித் தட்டையாக்கியது போல, ஓரம் சிறு பல்லாக. செவிக்கல். கத்தாளையில் இது இன்னும் பெரிதாக இருக்கும், சின்ன வயதில் நாங்கள் சேர்த்து விளையாடியிருக்கிறோம். மரத்தில் போல இதிலும் வளையம் வளையமாகப் படியும், குஞ்சுப் பருவத்தில் நாளுக்கு ஒரு நுண்வளையம். அதைவிட அருமையான ஒன்று: மீன் உப்புத்தண்ணீரில் நின்ற காலத்தில் படிந்த பகுதியில் ஸ்ட்ரொன்சியம் கூட, நன்னீரில் நின்ற காலத்தில் குறைய. ஒரு கொடுவா எந்த வயதில் களப்புக்குள் வந்தது, எப்போது வெளியே போனது என்று அந்தக் கல்லைக் குறுக்கே அறுத்து வாசிக்கிறார்கள். ஊரும் பேரும் பதிந்த கல் அது. குழம்போடு எறிந்துவிடுகிறோம்.

08.10.2023

இதை எழுதாமல் விட்டால் எனக்கு நிம்மதி வராது. 12ஆம் திகதி நான் எழுதியதை வாசித்த ஒருவர், "அப்போ எங்கள் கடலின் பல்வகைமை போய்விட்டது என்கிறீர்கள்" என்று முடிவு கட்டிவிட்டார். நான் எழுதிய விதம் அப்படித்தான் இருக்கிறது. ஒரு குடாவின் கதையை எல்லாக் கடலுக்கும் விரித்துவிட்டேன். பிழை என்னுடையது.

மறுபக்கம் இதோ. கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரையில் கொட் மீன் இல்லாமற்போய் 1992 யூலையில் மீன்பிடியையே நிறுத்தினார்கள், பல்லாயிரம் பேர் ஒரே நாளில் தொழில் இழந்தார்கள். அந்த மீனில் பல்வகைமை சிதறியிருக்கும் என்றுதான் எல்லாரும் நினைப்போம். 2021இல் வந்த ஆய்வு ஒன்று, நோர்வேயில் 1907இலும் கனடாவில் 1940இலும் பிடித்த கொட் மீன்களின் பழைய செதிளையும் செவிக்கல்லையும் எடுத்து முழு மரபணுத் தொகுதியையும் இன்றைய மீனோடு ஒப்பிட்டது. பெரிய இழப்பு இல்லை. அவ்வளவு அடி வாங்கியும் விதைநெல் பெரும்பாலும் தப்பியிருக்கிறது.

சரி, அப்போ பயப்படத் தேவையில்லையா? 2014இல் 140 இனங்களை ஒன்றாக வைத்துப் பார்த்த ஒப்பீடு ஒன்று இருக்கிறது. அளவுக்கு மிஞ்சிப் பிடிக்கப்பட்ட கூட்டங்களில் எதிருருக்களின் (ஒரே மரபணுவின் வெவ்வேறு வடிவங்களின்) வகை சராசரியாக 12 விழுக்காடு குறைவு, பல்லினநுகத்தன்மை, அதாவது ஒரு மீனுக்குத் தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் வேறு வேறு எதிருரு கிடைத்திருக்கும் வீதம், 2 விழுக்காடுதான் குறைவு. இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில்தான் விஷயம் இருக்கிறது. கூட்டம் சுருங்கும்போது முதலில் போவது அரிதான எதிருரு, அதாவது ஆயிரத்தில் ஒரு மீனிடம் இருந்த சீட்டு. எல்லாரிடமும் இருக்கிறது அப்படியே இருக்கும், அதனால் சராசரி அசையாது. போனது எது என்று தேவை வரும் நாளில்தான் தெரியும்.

ஆகவே என் பதில் இப்போது இது: கடல் ஓய்ந்த காலம் எங்கள் மீனுக்கு நல்லது செய்திருக்கும், எண்ணிக்கை திரும்பியது கண்கண்டது, பரந்த கடலில் ஓடித்திரிகிற சூடை, கீரி போன்றவற்றுக்கு நான் அவ்வளவு அஞ்சவில்லை. என் பயம் முழுக்கக் களப்பை நம்பியிருக்கிற, பால் மாறுகிற, மெதுவாக முதிர்கிற கொடுவா போன்றவற்றில்.

09.10.2023

பெரியப்பா சொன்ன "ஓர் அச்சில் வார்த்தது" நேற்று முழுக்க மனதில் ஓடியது. மரபணு வகை குறையாமலே மீன் மாறலாம். அமெரிக்காவின் அத்திலாந்திக் கரையில் உள்ள ஒரு சின்ன மீனை வைத்துச் செய்து 2002இல் வெளியிட்ட பரிசோதனை: சில தொட்டிகளில் ஒவ்வொரு தலைமுறையிலும் பெரிய மீன்களைத் தெரிந்து 90 விழுக்காட்டை எடுத்தார்கள், வேறு சில தொட்டிகளில் சின்னதைத் தெரிந்து 90 விழுக்காட்டை எடுத்தார்கள். நாலே நாலு தலைமுறை. சின்னதை எடுத்த தொட்டி மீன், பெரியதை எடுத்த தொட்டி மீனைவிட ஏறக்குறைய இரு மடங்கு எடை. தீனி ஒன்று, தண்ணீர் ஒன்று, வயது ஒன்று. மெதுவாக வளர்கிறதை மட்டும் விட்டுவைத்தால் மெதுவாக வளர்கிற பரம்பரைதான் மிஞ்சும்.

தாயின் பருமன் இன்னொரு விஷயம். 30 கிலோ கொட் தாய் ஒன்று இடும் முட்டை, 2 கிலோத் தாய்கள் 28 சேர்ந்து இடுவதற்குச் சமம் என்று 2018இல் கணக்கிட்டார்கள். எடைக்கு எடை பார்த்தால் 15 வர வேண்டும், வருவது 28. பத்துச் சின்னத் தாயை விட்டுவிட்டு ஒரு பெரிய தாயைப் பிடிப்பது நட்டமில்லை என்று நினைக்கிறோமே, அது பிழை. குயின்ஸ்லாந்தில் கொடுவாவுக்கு 58 சென்ரிமீற்றருக்குக் கீழும் பிடிக்கக் கூடாது, 120க்கு மேலும் பிடிக்கக் கூடாது. மேலெல்லை வைத்த அந்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது.

22.10.2023

"மன்னார்க் கொடுவாவும் முல்லைத்தீவுக் கொடுவாவும் ஒன்றுதானே, கடலுக்கு என்ன வேலியா?"

கடலுக்கு வேலி இருந்தது. சுமார் 20,000 வருடத்துக்கு முன் கடல் மட்டம் இன்றையதைவிட ஏறக்குறைய 120 மீற்றர் கீழே. பாக்குநீரிணை அன்று நடந்து போகக்கூடிய தரை. மன்னார்ப் பேசாலைக்காரர் இன்று படகு விடுகிற இடத்தில் காடு நின்றிருக்கும். கடல் திரும்ப ஏறி அந்த வழி தண்ணீரானது ஏறக்குறைய 7,000 வருடத்துக்குள்தான். தீவின் மேற்குக் கரை மீனும் கிழக்குக் கரை மீனும் அவ்வளவு காலம் தெற்கால் சுற்றித்தான் சந்தித்திருக்க முடியும். களப்பை விட்டுத் தூரம் போகாத மீனுக்கு அது சின்ன விஷயமில்லை.

தூரம் போகிற மீனிலும் வேலி தெரிகிறது. சமுத்திரத்தையே கடக்கிற மஞ்சள் துடுப்புச் சூரையை இலங்கையையும் மாலைதீவையும் சுற்றிய கடலில் எடுத்துப் பார்த்த ஆய்வு 2008இல் வந்தது. அவ்வளவு சின்னப் பரப்புக்குள்ளேயே மரபணு அளவில் ஒரே சீராக இல்லை என்று காட்டியது.

23.10.2023

நேற்று நான் மன்னாரும் முல்லைத்தீவும் ஒரே இனத்தின் இரண்டு கூட்டம் என்ற நினைப்பில்தான் எழுதினேன். அதற்கு முதலே இன்னொரு கேள்வி இருக்கிறது, எப்படி மறந்தேன் தெரியவில்லை. இலங்கையில் கொடுவா ஓரினம் இல்லை. 2012இல் ரொஹான் பெத்தியாகொடவும் அந்தனி கில்லும் இலங்கையின் மேற்குப் பக்கத்திலிருந்து லேட்டஸ் லக்திவ என்று ஒரு புது இனத்தை விவரித்தார்கள். அதே கட்டுரையில் மியன்மாரிலிருந்தும் இன்னொன்று. அதுவரை எல்லாம் ஒரே பெயரில் கிடந்தவை. உடம்பு சற்று மெலிந்தது, மூன்றாவது முதுகு முள்ளின் அடியிலிருந்து பக்கக் கோடு (உடம்பின் பக்கத்தில் நீளமாக ஓடும் கோடு) வரை செதிள் வரிசை 5.

காலையில் வாடிக்குப் போனேன். ஐஸ் பெட்டியில் இரண்டு கொடுவா. பெரியப்பா ஒன்றை எடுத்துப் பலகையில் போட்டுத் தந்தார். மூன்றாவது முள்ளை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஊசி நுனியால் ஒவ்வொரு செதிளாகச் சரிவாகக் கீழே எண்ண வேண்டும். ஐஸ் பட்டு விரல் மரத்துவிட்டது, இரண்டு தடவை தவறி மூன்றாவது தடவை சரியாக வந்தது. 6. மற்றதிலும் 6. ஏலம் கூறுகிறவர் நின்று பார்த்துவிட்டு, "ரீச்சர், செதிளுக்கு விலை தனியோ?" என்றார். மன்னார்ப் பக்கம் யாராவது இப்படி எண்ணிப் பார்த்து எழுதினால் உதவியாக இருக்கும். முள்ளைத் தவறவிட்டால் எண்ணிக்கை மாறும், முதல் முள் மிகச் சின்னது, அதையும் சேர்க்க வேண்டும்.

05.11.2023

ஏன் நீங்களே டிஎன்ஏ மாதிரி அனுப்பவில்லை என்று கேட்டவருக்கு.

சேர்த்தோம். 2021இல் என் மாணவர் மூவரும் நானுமாக 98 வால்துடுப்புத் துண்டு வெட்டினோம், ஒவ்வொன்றும் சின்னவிரல் நகமளவு. 95 விழுக்காடு எதனோல் அந்த நேரத்தில் கைக்குக் கிடைக்கவில்லை, அதனால் பாடசாலை ஒன்றின் குளிரூட்டியில் ஐஸ்கட்டியோடு வைத்தோம். 2022இல் நாடு முழுக்க மணித்தியாலக் கணக்கில் மின்வெட்டு வந்ததே, அதில் ஐஸ் உருகி, திரும்ப உறைந்து, திரும்ப உருகி, நான் திறந்தபோது மணத்திலேயே தெரிந்துவிட்டது. ஒருவரையும் குறை சொல்லவில்லை, அந்த வருடம் ஆட்களுக்கே மருந்து இருக்கவில்லை. ஆனால் அதில் ஒரு துண்டு 11 கிலோத் தாய் ஒன்றினுடையது. அந்த மாணவரில் ஒருத்தி இப்போது பல்கலைக்கழகத்தில் மீன்பிடி விஞ்ஞானம் படிக்கிறாள், இந்த முறை அவள்தான் குழாயும் எதனோலும் கொண்டுவந்து தந்தாள்.

கலத்தின் இழைமணியில் (மைட்டோகொண்ட்ரியாவில்) உள்ள டிஎன்ஏ மட்டும் பார்த்தால் போதுமா என்றும் ஒருவர் கேட்டார். அது தாய்வழி மட்டும் வருவது. கொடுவாவில் எத்தனை தாய்வழி மிஞ்சியிருக்கிறது என்று பார்க்க நல்லது, தகப்பன் பக்கம் அதில் தெரியாது. அதற்குக் கலத்தின் கருவில் உள்ள டிஎன்ஏ வேண்டும். ஆக இரண்டும் வேண்டும்.

19.11.2023

குஞ்சு பொரிப்பகத்திலிருந்து குஞ்சு கொண்டுவந்து களப்பில் விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற பேச்சு மேலே நீண்டு போயிருக்கிறது. அதை நான் ஆதரிக்கவில்லை. பொரிப்பகத்தில் தாய்மீன் சில பத்துத்தான் இருக்கும். அவற்றின் குஞ்சை இலட்சக்கணக்கில் விட்டால் எண்ணிக்கை ஏறும், ஆனால் அடுத்த தலைமுறையில் பாதி அந்தச் சில தாய்களின் பிள்ளை என்றாகி, முழுக் கூட்டத்தின் பயனுறு தொகையும் கீழே இழுபடும். ரைமன், லைக்ரே என்ற ஆய்வாளர்கள் 1991இலேயே இதைக் கணக்காக எழுதிவிட்டார்கள். பூநகரிப் பக்கம் கடலட்டைப் பண்ணைகள் பெருகுகிற இந்த நேரத்தில் அட்டைக்கும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும்: குஞ்சு எத்தனை தாயிலிருந்து வருகிறது? விடத்தான் வேண்டுமென்றால் தாய்களை அதே களப்பிலிருந்து எடுக்கட்டும், வருடா வருடம் மாற்றட்டும்.

03.12.2023

மழை. களப்பு வட்டுவாகல் பாலத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. மாதிரி 23.

07.01.2024

முகத்துவாரம் திறந்துவிட்டது. தண்ணீர் இழுக்கிற சத்தம் இரவில் தூரத்திலேயே கேட்கிறது. வாயின் இரண்டு பக்கமும் வீச்சுவலையோடு ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள், வெளியே போகிற தாய் எல்லாம் அந்த வரிசையைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். வாடைக்காலத்தில் கடலுக்குப் போக முடியாத வீடுகளில் அடுப்பெரிவது அந்த வலையால்தான், எங்கள் வீட்டிலும் அப்படித்தான் எரிந்தது. ஆனால் வாய் திறந்த முதல் எட்டு நாளாவது, சாமம் முதல் விடியும் வரையாவது, வலை விழாமல் இருந்தால் அந்த நேரத்தில் போகிற தாய்கள் தப்பும். சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். இரண்டு பேர் எழும்பிப் போனார்கள், மூன்று பேர் எத்தனை நாள் என்று திரும்பக் கேட்டார்கள். கிழமைக்குள் திரும்பக் கூடுவதாக முடிவு.

கேள்வி கேட்டவர் நேற்று இரவு அழைத்திருந்தார். பத்துத் தாய் போதாதென்றால் எத்தனை வேண்டும் என்கிறார். ஐம்பது, ஐந்நூறு என்று பாடநூல்களில் எண்கள் உண்டு. உட்கலப்பின் (நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருகுவதன்) கேடு உடனே தாக்காமலிருக்கப் பயனுறு தொகை 50, நீண்ட காலம் மாறித் தாங்க 500. கொடுவாவில் பயனுறு தொகை 500 வர வேண்டுமென்றால், ஆண் எவ்வளவு நின்றாலும், தாய் மட்டும் 125க்கு மேல் நிற்க வேண்டும். சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள், சரியாக வரும். அதுவும் எல்லாத் தாய்க்கும் ஒரே அளவு குஞ்சு மிஞ்சினால்தான். சீட்டு விழுகிற கதையையும் சேர்த்தால் அதைவிட எத்தனையோ மடங்கு.

14.01.2024

பொங்கலுக்கு வீட்டு வேலை, அதனால் சுருக்கமாக. மாதிரி 41. குழாய்களில் ஒட்டுகிற துண்டில் திகதி, இடம், நீளம், ஆண்/பெண் என்று நான் கோடு போட்டுக் கொடுத்திருந்தேன், கடைசி மூன்றையும் பெரியப்பாவே நிரப்பிக் கொண்டுவந்து தந்தார். 41ஆவது 96 சென்ரிமீற்றர், முகத்துவாரத்தடி, சினை முற்றியிருந்ததாம். விற்றாயிற்று, தம்பியின் பிள்ளைக்குக் காசு கட்ட வேண்டியிருந்தது. செவிக்கல் இரண்டையும் கடதாசியில் மடித்து வைத்திருந்தார். ஆண்/பெண் என்ற இடத்தில் இரண்டையும் வெட்டிவிட்டு, "தாய்" என்று எழுதியிருக்கிறார்.